பொருட்பாலும் நிருவாகப் படிப்பும்

வணிக மேலாண்மையிலும் பொதுத்துறை நிருவாகத்திலும் முதுகலைப் பட்டம் பெறுவோர் நம்மவரிடையே இன்று பெருகி வருகின்றனர். ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்த பிள்ளைகள் ஸ்கூடாயிலும் சிந்தோக்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் இப்பாடங்களைப் பயில்கின்றனர். பகலெல்லாம் வேலை பார்த்து மாலையில் படிப்போரும் உளர். இது மகிழத்தக்க செய்தியே. அவ்வாறு பட்டம் பெற்றோரைத் தமிழ் விழாக்களுக்கு அழைத்துப் பேசச் செய்கின்றோம். அவர்களும், அவர்களை வரவேற்றுப் பேசும் நம்மவரும் தவறாமல் ஒரு குறளை எடுத்துக் காட்டுகின்றனர். தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் ஏழாவதாக நிற்கும் 517ஆம் குறளே அது. இன்ன வேலையை இன்ன கருவியால் இன்னவன் முடிக்க வல்லவன் என்று ஆராய்ந்து அந்த வேலையை அவனிடம் விடவேண்டும் என்பது அதன் கருத்து. மேலாண்மைக் கல்வி முழுவதையும் வள்ளுவர் ஈரடியில் அடக்கிவிட்டார் என்று சொல்லி முடித்தவுடன் மன்றத்தில் கைதட்டல் எழுகிறது.

அந்தக் கைதட்டல் முறையானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறளை மேலாண்மை நூலாகக் காட்டும் புத்தகங்களும் சொற்பொழிவுகளும் பலவாகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வழியில் செல்கின்றன. மேலைநாட்டுப் பாடநூலில் உள்ள ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வது, அதற்கு இசைவான ஒரு குறளைத் தேடிப் பிடிப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வள்ளுவர் அன்றே சொன்னார் என்று முடிப்பது. இம்முறையினால் குறளுக்குப் பெருமை சேர்வதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் நேர்வது வேறு. நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு உதவும் குறள்கள் எடுக்கப்படுகின்றன; அவனைக் கட்டுப்படுத்தும் குறள்கள் விடப்படுகின்றன. பொருட்பாலின் எழுபது அதிகாரங்களில் பாதிக்கு மேல் இவ்வாறு மறைந்து போகின்றன.

குறள் நிற்கும் இடம்

ஒரு செய்யுளை அது நிற்கும் இடத்தில் வைத்துப் பொருள் காணவேண்டும் என்பது தமிழாசிரியர்கள் அனைவரும் அறிந்த விதி. 517ஆம் குறளுக்கும் அவ்விதி உண்டு. அரசியல் என்னும் பகுதியில் 47 முதல் 52 வரையுள்ள ஆறு அதிகாரங்கள் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்பன அவை. செய்யப்போகும் வினை தக்கதா என்று முதலில் ஆராய வேண்டும். பிறகு தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடை போடவேண்டும். காலமும் இடமும் நோக்கவேண்டும். அதன் பின்னரே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஆளை வினையில் ஏவுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஆகவே 517ஆம் குறளை வாயிற்படியாகக் கொள்வது பொருந்தாது; ஐந்து கட்டுகளைக் கடந்து வந்தவன் அடையும் அறை அது.

அந்த அதிகாரத்துக்குள்ளும் முன்பின் பார்க்க வேண்டும். 514ஆம் குறள், எவ்வளவு ஆராய்ந்து தெளிந்த போதிலும் வேலையில் அமர்ந்தபின் வேறுபட்டுவிடும் மாந்தர் பலர் என்று எச்சரிக்கிறது. 515ஆம் குறள், அறிந்து ஆற்றிச் செய்யவல்லவனை விட்டு, இவன் நமக்கு வேண்டியவன் என்பதற்காக ஒருவனை ஏவலாகாது என்கிறது. 518ஆம் குறள், ஒருவன் தக்கவன் என்று கண்டால் அந்த வினைக்கு அவனையே உரியவனாக்க வேண்டும் என்கிறது. 519ஆம் குறள், வேலையில் முயற்சி உடையவன் உரிமையோடு பழகுவதைத் தவறாக எண்ணும் தலைவனை விட்டுத் திருமகள் நீங்குவாள் என்கிறது. 520ஆம் குறள், வினை செய்வான் கோணாதிருக்கும் வரையில் உலகம் கோணாது. ஆகையால் மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்று முடிக்கிறது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் 517இன் உண்மைப் பொருள் விளங்கும். வேலையை ஒப்படைப்பதோடு தலைவனின் கடமை தீர்வதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. ஒப்படைத்தவன் வேண்டியவன் என்று பார்க்காமல் இருக்கவேண்டும். ஒப்படைத்தபின் உரிமை தரவேண்டும். உரிமை தந்தபின் அவன் உரிமையோடு பேசுவதைப் பொறுக்கவேண்டும். பொறுத்துக்கொண்டே நாள்தோறும் கவனிக்கவும் வேண்டும். மேடையில் சொல்லப்படுவது இவற்றுள் ஒன்றே. தலைவனுக்கு எளிதானதும் அந்த ஒன்றே.

மேலைநாட்டாரோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் டெய்லரை நினைவூட்டுகின்றனர். பிரெடரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் அறிவியல் மேலாண்மையின் கோட்பாடுகள் என்ற பொருள்படும் தம் நூலை 1911இல் வெளியிட்டார். வேலைக்குத் தக்க ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கையுள் ஒன்று. இதுவரையில் ஒப்புமை சரியே. ஆனால் டெய்லர், வேலையைத் திட்டமிடுவதை மேலாளரிடமும் செய்து முடிப்பதைத் தொழிலாளியிடமும் பிரித்து வைத்தார். எவ்வாறு செய்வது என்பதை மேலிடம் வகுக்கும். கை மட்டும் கீழே வேலை செய்யும். வள்ளுவரோ விடுதல் என்னும் சொல்லை ஆள்கிறார். பொறுப்பைப் பெற்றவன் அந்த வினைக்கு உரியவனாகிறான். இரண்டும் ஒன்றென்று சொல்வது, வேறுபாடு எங்கே தொடங்குகிறதோ அங்கே வாசிப்பதை நிறுத்திவிடுவதாகும்.

தேர்வும் கண்ணியும்

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி முந்திய அதிகாரமாகிய தெரிந்து தெளிதல் கூறுகிறது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியாக ஆராய்ந்து ஒருவனைத் தெளிய வேண்டும் என்பது அதன் முதற்குறள். வள்ளுவர் நான்கின் பெயரைச் சொல்கிறாரே தவிர, எவ்வாறு சோதிப்பது என்று விரிக்கவில்லை. விரித்தவர் பரிமேலழகர். புரோகிதரைக் கொண்டு அறத்தின் பெயராலும், சேனாபதியைக் கொண்டு பொருளின் பெயராலும், முதிய தவப்பெண் ஒருத்தியைக் கொண்டு இன்பத்தின் பெயராலும், உடன் அமைச்சன் ஒருவனைக் கொண்டு உயிரச்சத்தின் பெயராலும் மறைவாகத் தூண்டிப் பார்த்து, மசியாதவனைத் தெளிய வேண்டும் என்று அவர் உரை செய்கிறார்.

இந்த நால்வகைச் சோதனையும் வடமொழி அர்த்தசாத்திரத்தின் முதல் அதிகரணத்தில் உள்ளது. நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் ஏட்டுச்சுவடியை மைசூரில் ஆர். சாமசாத்திரி 1905இல் கண்டறிந்து 1909இல் அச்சிட்டார். அதன் பின்னரே உரையாசிரியர் சென்ற வழி கற்றோர் பலருக்கும் புலனாயிற்று. அர்த்தசாத்திரம் உண்மையிலேயே நிருவாகக் கையேடு. நாற்பத்தெட்டாயிரம் பணம் முதல் அறுபது பணம் வரை அலுவலர்களின் சம்பளத்தைப் படிப்படியாக வகுத்துள்ளது. அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டியுள்ளது. தண்ணீருக்குள் இருக்கும் மீன் எப்போது நீர் குடிக்கிறது என்று அறிய முடியாததுபோல், அலுவலில் இருப்பவன் எப்போது பணம் எடுக்கிறான் என்று அறிய முடியாது என்பது அந்நூலார் கூறும் உவமை.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. கண்ணி வைத்துச் சோதிக்கும் முறையை வகுத்த அந்நூலாரே, கெடாதவன் மனத்தைச் சோதனையினால் கெடுத்துவிடலாகாது, நீரில் நஞ்சு கலந்தது போலாகிவிடும், ஒருமுறை கலங்கிய மனம் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது என்றும் எச்சரித்துள்ளார். இந்தப் பகுதியைப் படிக்காமல், பழந்தமிழர் கண்ட தேர்வு முறை என்று நால்வகைச் சோதனையை மட்டும் பாராட்டுவோர் உரையாசிரியர் கருத்தை வள்ளுவர் தலையில் ஏற்றுகின்றனர்.

வள்ளுவர் தரும் உரைகல் அதே அதிகாரத்தில் ஐந்தாம் குறளில் உள்ளது. ஒருவனுடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவனவன் செய்த செயலே கட்டளைக்கல் என்கிறார். குற்றமற்ற கற்றவரிடத்தும் நுணுகி ஆராய்ந்தால் அறியாமை சிறிதும் இல்லாமை அரிது என்றும், குணத்தையும் குற்றத்தையும் எடை போட்டு மிகுதியானதைக் கொள்க என்றும் கூறுகிறார். ஆராயாமல் தெளிவதும் துன்பம், தெளிந்தபின் ஐயுறுவதும் துன்பம் என்று அதிகாரத்தை முடிக்கிறார். நம்பிக்கையின் இரு புறத்தையும் காக்கும் இந்த நடுநிலைதான் வள்ளுவர் கொள்கை. பணியாளரைத் தெரிந்தெடுக்கும் கலையை முதுகலை வகுப்பில் பயில்வோருக்கு, 517ஐக் காட்டிலும் 510ஆம் குறளே பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து.

ஊதியமும் முதலும்

வணிக மேலாண்மை இலாபத்தைப் பற்றியது, குறளோ அறநூல், ஆகையால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூறுவோரும் உளர். இது மறுபக்கத்துத் தவறு. வள்ளுவர் வணிகர் சொற்களை நன்கு அறிந்தவர். இன்று ஊதியம் என்றால் சம்பளம் என்று பொருள் கொள்கிறோம். குறளில் ஊதியம் என்பது முதலிட்டவன் பெறும் இலாபம். முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்னும் வணிக உண்மையை உவமையாக்கி, தாங்கும் துணையில்லாதவர்க்கு நிலைபேறு இல்லை என்று பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் விளக்குகிறார். மாணவர் இச்சொல்லைச் சம்பளம் என்று கொண்டால் குறள் தலைகீழாகிவிடும். இதை ஆசிரியர்கள் வகுப்பில் சுட்டிக்காட்டுவது நலம்.

தெரிந்து செயல்வகையின் முதற்குறள், ஒரு வினையால் அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம் எவ்வளவு என்று மூன்றையும் எண்ணச் சொல்கிறது. முதலீட்டுக் கணக்கின் அடிப்படை இதுவே. மூன்றாம் குறள், வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் முயற்சியில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறது. நம் சமூகத்தில் கூட்டுச் சேர்ந்து பணம் போட்டுக் கண்கலங்கியவர்களுக்கு இக்குறளின் பொருள் உரையில்லாமலே விளங்கும்.

ஆயினும் வாணிகம் செய்வாரைப் பெயர் சொல்லி அறிவுறுத்தும் குறள் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில், 120ஆம் குறளாக உள்ளது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகர்க்கு வாணிகமாகும் என்பது அதன் கருத்து. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் இருப்பதை உரையாசிரியர் விளக்குகிறார். இந்த இட அமைப்பைக் கவனிக்க வேண்டும். பொருள் ஈட்டும் வழியைப் பொருட்பாலில் வைத்த புலவர், பொருளை விற்று வாங்குவோனுக்குரிய கட்டளையை அறத்துப்பாலில் வைத்தார். அதே அதிகாரத்தின் மூன்றாம் குறள், நன்மையே தருவதாயினும் நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை அப்பொழுதே விட்டுவிடுக என்று கூறுகிறது. இலாப நட்டக் கணக்கில் இதற்கு ஒரு பத்தி இல்லை. வணிக மேலாண்மை பயிலும் தமிழ் மாணவன் தன் மொழியிலிருந்து எடுத்துச் செல்லத்தக்கது அந்தப் பத்திதான்.

குடியும் வாடிக்கையாளரும்

இனிப் பொதுத்துறை நிருவாகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் உட்ரோ வில்சன் 1887இல் எழுதிய நிருவாக ஆராய்ச்சிக் கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நிருவாகத் துறை வணிகத் துறையை ஒத்தது, அரசியல் பூசலினின்றும் பிரித்து ஆராயத்தக்கது என்பது அவர் கருத்து. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908இல் வணிக நிருவாகப் பள்ளியைத் தொடங்கியது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகம் 1924இல் பொது நிருவாகத்துக்கெனப் பள்ளி கண்டது. இரண்டு படிப்பும் அன்றிலிருந்து அக்காள் தங்கைபோல் வளர்ந்து வந்துள்ளன.

நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. ஜான் மாண்ட்கமரி, மில்டன் எஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மலேசிய நிருவாகத்தை ஆராய்ந்து அவ்வாண்டில் அறிக்கை தந்தனர். அதன் பயனாக வளர்ச்சி நிருவாகப் பிரிவு ஒன்று பிரதமர் துறையில் அமைந்தது. அவ்வாண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார, நிருவாகப் புலம் தோன்றியது. அரசு அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் இந்தான் கழகம் 1972இல் நிறுவப்பட்டது. மேலாண்மைத் துறைக்கெனவே சிறப்பாக அமைந்த வட மலேசியப் பல்கலைக்கழகம் 1984இல் தோன்றியது. இதற்கிடையில் 1983இல் மலேசியக் கூட்டு நிறுவனம் என்னும் கொள்கையும் தனியார்மயக் கொள்கையும் அறிவிக்கப்பட்டன. 1993இல் அரசு அலுவலகங்கள் வாடிக்கையாளர் சாசனம் வகுத்து வெளியிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இத்தனை நாளில் இவ்வேலையை முடித்துத் தருவோம் என்று அலுவலகம் தானே எழுதி வெளியிடும் வாக்குறுதி அது.

அச்சாசனத்தால் நன்மை விளைந்தது என்பதை மறுக்கலாகாது. முகப்பில் காத்துக் கிடந்தவர்களுக்குக் கேட்கும் உரிமை ஒன்று கிடைத்தது. ஆனால் அதில் ஒரு சொல் மாறியது. அரசு அலுவலகத்துக்கு வருபவர் வாடிக்கையாளர் ஆனார். வள்ளுவர் கையாளும் சொல் குடி. இரண்டும் ஒன்றல்ல. வாடிக்கையாளருக்குக் கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடை உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அடுத்த கடை இல்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்துக்கு ஏற்ப மதிப்புப் பெறுகிறார். குடியோ, கையில் ஒன்றும் இல்லாத நிலையிலும் முறை கேட்கும் உரிமையுடையது. சொல்லப்போனால் அந்நிலையில்தான் மிகுதியும் உரிமையுடையது. தோட்டத்துப் பாட்டி ஒருத்தி பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலுவலகத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது அவளை வாடிக்கையாளர் என்று அழைப்பதனால் அவளுக்குப் பெருமையில்லை. அவள் வாங்க வந்தவள் அல்லள்.

செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்னும் மூன்று அதிகாரங்களும் இந்தக் குடியைப் பற்றியவை. ஆராய்ந்து, ஒருபால் சாயாமல், எவரிடத்தும் நடுவு நின்று செய்வதே முறை என்று செங்கோன்மை தொடங்குகிறது. செங்கோலோடு நிற்கும் மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு நின்று வழிப்பறி செய்பவன் கேட்பதை ஒக்கும் என்று கொடுங்கோன்மை கூறுகிறது. துன்பம் தாங்காமல் குடிகள் அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்றும் அங்கே கூறப்படுகிறது. மேலாண்மைக் குறள்கள் என்று தொகுக்கப்படும் பட்டியல்களில் இவற்றைக் காண்பது அரிது. காரணம் வெளிப்படை. இவை மேலாளரைப் புகழவில்லை, விசாரிக்கின்றன.

குறளில் இல்லாதது

திறனாய்வாளன் நூலின் பெருமையைச் சொல்வதோடு எல்லையையும் சொல்லவேண்டும். தலைவன் நல்லவனாக இருக்கவேண்டும் என்று வள்ளுவர் சொல்கிறார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். மன்னன் அறியாதவனாயினும், சொன்னால் கேளாதவனாயினும், உறுதியை எடுத்துக் கூறுவது உடனிருக்கும் அமைச்சன் கடமை என்கிறார். இவையெல்லாம் மனத்தைத் திருத்துவன. ஆனால் மனம் திருந்தாத தலைவனை என்ன செய்வது? அவன் கணக்கை யார் கேட்பது? எத்தனை ஆண்டு அவன் இருக்கலாம்? இவற்றுக்குக் குறளில் விதி இல்லை. அது வள்ளுவர் எடுத்துக்கொண்ட பொருளும் அன்று.

விதியைத் தேடுவோர் உத்தரமேரூருக்குச் செல்லவேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அறியாப் பிள்ளை ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணி பிரித்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்று விலக்கினர். கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி உறவினரையும் விலக்கியதில் உள்ள உலகறிவைப் பாருங்கள். வேண்டியவன் என்று ஏவாதே என்று வள்ளுவர் அறிவுரையாகச் சொன்னது இங்கே விதியாகிவிட்டது. அதே வேளையில், அது நிலமுடைய அந்தணர் சபை என்பதையும், உழுதவருக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை என்பதையும் மறைக்காமல் மாணவருக்குச் சொல்லவேண்டும். மக்களாட்சியின் முன்மாதிரி என்று ஒரே மூச்சில் புகழ்வது வரலாறு ஆகாது.

நமக்கு இன்னும் அண்மையில் ஒரு பாடம் உண்டு. நிருவாகம் என்னும் சொல்லைத் தோட்டத் தமிழர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. துரை, கிராணி, மண்டோர், கங்காணி என்னும் படிவரிசையிலும், விடியுமுன் நடக்கும் பிரட்டிலும், செக்ரோலில் விழும் ஒரு கோட்டிலும் அறிந்தனர். கங்காணி என்னும் சொல் கண்காணி என்பதன் திரிபு. பழைய கோயில் கல்வெட்டுகளில் மேற்பார்வை செய்வோனைக் குறித்த மதிப்புமிக்க சொல் அது. மலாயாத் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது? கங்காணி ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வந்தான். வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. கண்காணிப்பவனின் வருவாய் ஆட்களின் நலத்தோடு அன்றி எண்ணிக்கையோடு கட்டப்பட்டது. காய்ச்சல்காரனையும் அவன் பிரட்டுக்கு எழுப்பியதற்கு அவனுடைய குணம் மட்டும் காரணமில்லை. அவனுக்கு வகுத்த கணக்கும் காரணம். இந்திய அரசு 1938இல் இவ்வகைக் குடியேற்றத்தைத் தடை செய்ததோடு ஆள் திரட்டுதல் ஓய்ந்தது. ஆனால் எண்ணிக்கையைக் கட்டி ஆளை ஓட்டும் முறை வேறு பெயர்களில் இன்றும் அலுவலகங்களில் வாழ்கிறது. வினை செய்வானை மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்ற 520ஆம் குறளைத் தோட்ட வரலாற்றோடு சேர்த்துப் படித்தால், ஆராய வேண்டியது தொழிலாளியை மட்டுமன்று, அவனை ஓட்டுபவனையும், ஓட்டுமாறு கணக்கு வகுத்த மேலிடத்தையும் என்பது தெளிவாகும்.

அதே தோட்டங்களிலிருந்து இன்னொரு பாடமும் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆளப்பட்டவரே உடைமையாளர் ஆயினர். கூட்டுறவு என்பது இலாபம் ஈட்டவேண்டிய வணிகமும் ஆகும். பலர் பணத்தை நம்பிக்கையோடு காக்கவேண்டிய பொதுப்பணியும் ஆகும். பல்கலைக்கழகம் இரண்டு பட்டமாகப் பிரித்து வைத்ததை அது ஒன்றாகக் கேட்கிறது. முதலை இழக்கலாகாது என்ற 463ஆம் குறளும், பிறர் பொருளைத் தம்பொருள்போல் பேணுக என்ற 120ஆம் குறளும் அங்கே ஒருசேர வேண்டும். இத்தகைய நிறுவனங்களை நடத்தும் கல்வியைத் தமிழில் நாம் இன்னும் எழுதவில்லை.

ஆசிரியர் கடமை

தமிழ்நாட்டில் மேலாண்மை என்றும், இலங்கையில் முகாமைத்துவம் என்றும், இங்கே நிருவாகம் என்றும் சொல் மட்டும் மூன்றாகப் பெருகியிருக்கிறது. நூல்தான் குறைவு. பட்டம் பெற்றவர் தாம் பயின்றதைத் தமிழில் விளக்கமாக எழுதாமல், தலைப்புக்கு ஒரு குறளைச் சூட்டி அமைவதனால் இக்குறை தீராது. குறளை எடுத்துக்காட்டினால் என்ன தீங்கு, கேட்பவர் நாலு பேராவது குறளைத் திறப்பார்களே என்று கேட்கலாம். திறந்தால் நன்றே. ஆனால் முழுக்கருத்தும் ஈரடியில் முடிந்துவிட்டது என்று கேட்டவர் எதற்காகத் திறப்பார்?

நம் பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் குறளைக் கற்பிக்கின்றோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர், பொருளையும் ஒப்புவிக்கின்றனர். அதற்கு மேல் ஒரு படி செல்லலாம். பொருட்பாலிலிருந்து ஒரு குறளைக் கற்பிக்கும்போது மூன்று கேள்விகளை எழுப்பலாம். இக்குறளுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இது யாருக்குச் சொல்லப்பட்டது, ஆள்பவனுக்கா, ஆளப்படுபவனுக்கா? இதைக் கேளாதவனுக்கு என்ன நேரும் என்று வள்ளுவர் சொல்கிறார்? ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இக்கேள்விகள் எட்டும். வகுப்புத் தலைவனாக இருக்கும் சிறுவனிடம், நீ வேண்டியவன் பெயரை விட்டுவிட்டு வேண்டாதவன் பெயரைக் கரும்பலகையில் எழுதலாமா என்று கேட்டால் 515ஆம் குறள் அவனுக்கு உடனே விளங்கும்.

அந்தச் சிறுவனே நாளைக்கு முதுகலை வகுப்பில் அமர்வான். நிருவாகக் கொள்கைகளை ஆங்கிலத்திலும் மலாயிலும் செவ்வையாகக் கற்பான், கற்கவும் வேண்டும். தமிழ் அவனுக்குத் தரவேண்டியது அந்தக் கொள்கைகளுக்கு அணிகலன் அன்று. அவற்றைக் கேள்வி கேட்கும் ஆற்றல். பெற்ற தாயின் பசியைக் காணும் நிலையிலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்று வினைத்தூய்மை கூறும் கடுமையான கட்டளை, கையெழுத்திடும் அதிகாரம் வந்த நாளில் அவன் நெஞ்சில் எழவேண்டும். 517ஐ மட்டும் அறிந்தவன் நெஞ்சில் அஃது எழாது. ஆகையால் தமிழாசிரியர்கள் பொருட்பாலை அதிகாரம் அதிகாரமாகக் கற்பிக்க முன்வரவேண்டும். பட்டம் பெற்றோர் தம் கல்வியைத் தமிழில் நூலாக்க முன்வரவேண்டும். இரண்டும் நடக்குமாயின், விழா மேடையில் எழும் கைதட்டலுக்கும் பொருள் உண்டாகும்.